திரையில் 147, தாளில் 177

நான் பத்தாவது தேறவில்லை. டைப்ரைட்டிங்கில் தமிழும் ஆங்கிலமும் ஹையர் தேறினேன். ஆங்கிலம் அடிக்கத் தெரியும். அடித்தது என்னவென்று தெரியாது. அதனால் யாருக்கும் நஷ்டம் வந்ததில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டை ஒட்டி ஒரு ஜாப் டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். கடைக்காரரை பாய் என்று கூப்பிடுவோம். துபாயில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு வந்தவர். வந்ததும் கடையில் இருந்த இரண்டு டைப்ரைட்டர்களையும் விற்றார். ஒரு பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கி வைத்தார்.

"இனிமே அழிச்சு அடிக்கிற வேலையே இல்லம்மா," என்றார்.

கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொண்டிருந்த சார் ஒருவர் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அதைப் போட்டுவிட்டால் கீபோர்டு டைப்ரைட்டர் மாதிரியே தமிழ் அடிக்கும். புள்ளியை முதலில் அடித்து, எழுத்தைப் பிறகு அடிக்கும் பழைய வழக்கம்கூட அப்படியே இருந்தது. என் விரல்கள் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. பாய் அதை வாங்கினார்.

அந்தச் சமயம் ஆட்சி மாறியிருந்தது. அலுவலகச் சுவர்களில் படம் மாறியது. குத்தகைப் பதிவு மனுக்களைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மனு தமிழில் இருக்க வேண்டும். கடை வாசலில் காலையிலேயே ஆள் நிற்க ஆரம்பித்தது.

என் அப்பாவும் ஒரு மனு போட வேண்டியிருந்தது. பண்ணை நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான் அதில் உழுகிறார். எழுத்து எதுவும் கிடையாது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் அவரைக் கிளப்ப முடியாது. ஏறாவிட்டால் அடுத்த குறுவைக்கு அந்த வயலில் வேறு ஆள் இறங்குவான். பண்ணை ஏஜெண்டு அதை வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

மனுவை நான்தான் அடித்தேன். கடைசியில் தபசில் வரும். கிராமம், சர்வே நம்பர், பரப்பு, நான்கு எல்லை. சர்வே நம்பர் 147. திரையில் பார்த்தேன். 147 என்றுதான் இருந்தது.

தபசிலுக்குக் கீழே எல்லா மனுவிலும் ஒரு வரி உண்டு. "மேற்கண்டவற்றைப் படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தேன்." எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த வரி. அடித்தவர் தாளை எடுத்து முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். பிறகுதான் மைப்பெட்டியைத் திறக்க வேண்டும். எல்லோருக்கும் அப்படித்தான் செய்தேன்.

அப்பாவுக்குச் செய்யவில்லை. வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். அப்பாவுக்கும் எனக்கும் தெரியாதது அந்த மனுவில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தாளை உருவினேன். அவர் கட்டைவிரலை வைத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

விசாரணை அன்று பாயிடம் கேட்டுக்கொண்டு நானும் போனேன். பின்னால் சுவரோரம் நின்றேன். எழுத்தர் மனுவை வாசித்தார். சர்வே நம்பர் 177 என்று வாசித்தார்.

ஏஜெண்டு முதலில் சிரித்தார். "சார், 177 எங்க ஊரு சுடுகாடு சார்."

அதிகாரி நிமிர்ந்தார். "சுடுகாடா?"

"ஆமா சார். புறம்போக்கு. இவரு எந்தப் பொணத்துக்கிட்ட குத்தகை பேசினாருன்னு கேளுங்க."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. மனுவின் கடைசி வரியில் விரல் வைத்தார்.

"படிக்கக் கேட்டு ஒப்புக்கிட்டதா இருக்கே பெரியவரே. யாரு படிச்சுக் காட்டினது?"

"எம் பொண்ணுதாங்க," என்றார் அப்பா.

"முழுசாப் படிச்சுக் காட்டிச்சா?"

"காட்டிச்சுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏஜெண்டு விடவில்லை. "காதால கேட்டும் தன் வயல் நம்பர் தெரியலைன்னா, அவரு அந்த வயல்ல கால வச்சதே இல்லன்னுதானே சார் அர்த்தம்."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். இருபது நாள் கழித்து நிலத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அதற்குள் நம்பர் எப்படி மாறியது என்று விளக்கம் வேண்டும். விளக்கம் சரியில்லை என்றால் மனு தள்ளுபடி.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். அங்கே நின்றதும் கேட்டார்.

"நீதானே அடிச்சே?"

"ஆமா."

"சரி."

"படிச்சேன்னு ஏம்ப்பா சொன்னே?"

"இல்லன்னா ஒன் வேலை போயிடும்ல."

ஊரில் அவரைச் சுடுகாட்டுக் குத்தகைக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

கடைக்குப் போய் அந்த மனுவைத் திறந்து பார்த்தேன். 177 என்றே இருந்தது. நான் அடித்தது 147. திரையில் பார்த்ததும் 147. விரல் பொய் சொல்லாது. ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து 147 என்று முப்பது தடவை அடித்தேன். திரையில் முப்பதும் சரி. பிரிண்ட் எடுத்தேன். பதினொன்று 177.

பாய் வந்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலால் தேடித் தேடி அடித்தார். முப்பதும் 147.

"மிஷினு நல்லாத்தானேம்மா இருக்கு."

"நீங்க அடிச்சா நல்லாத்தான் இருக்கு பாய்."

"அப்ப ஒன் கையிலதான் கோளாறு."

பன்னிரண்டு வருடமாக அடிக்கிற கை. இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பாக வந்த நம்பர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். 38 என்று அடித்தால் 88. 29 என்று அடித்தால் 99. 23 எத்தனை தடவை அடித்தாலும் 23. 78 எத்தனை தடவை அடித்தாலும் 78.

நாலு நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் தாளை விட்டுவிட்டு என் கைகளைப் பார்த்தேன். ஐந்து வரை இடது கை. ஆறிலிருந்து வலது கை. ஒரே கையில் அடுத்தடுத்து வந்தால் தப்பு இல்லை. இடது கையிலிருந்து வலது கைக்குப் போகும் இடத்தில்தான் தப்பு. என் வலது கை கொஞ்சம் முந்தும், அங்கேதான் இரண்டாவது விரல் சீக்கிரம் விழும். ஒற்றை விரலில் அடிப்பவனுக்கு அது வரவே வராது.

தஞ்சாவூர் போனேன். லேப் சார் கேட்டுக்கொண்டே இரண்டு விரலால் அடித்துப் பார்த்தார்.

"வருதா? வரல பாருங்க."

"நான் அடிக்கிறேன் சார்."

அடித்தேன். வந்தது. அவர் திரையை விட்டுவிட்டு என் விரல்களைப் பார்த்தார்.

"நீங்க ரொம்ப வேகமா அடிக்கிறீங்க. மெதுவா அடிங்க, சரியாயிடும்."

"எவ்வளவு மெதுவா சார்?"

"என்னை மாதிரி."

நான் அங்கேயே நின்றேன். போகவில்லை. அவர் அலமாரியிலிருந்து கோடு போட்ட நீளத்தாள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் எழுதிய புரோகிராம். பதினோரு தாள்.

"எங்க தப்புன்னு இதுல கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. திருத்தித் தர்றேன்."

கேலியாகத்தான் சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

அதில் மொத்தம் இருபது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. எடு, வை, அனுப்பு, கூப்பிடு, தாவு என்பது மாதிரி. பேச்சே இல்லாத மொழி. எனக்குப் பிடித்திருந்தது. ஓரத்தில் சார் ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியிருந்தார். அதை பாய் படித்து அர்த்தம் சொல்வார். துபாய் ஆங்கிலம்தான். ஆனால் போதுமானதாக இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு கீயை அழுத்தினால் கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்தும். அதற்கு இன்டரப்ட் என்று பெயர். நிறுத்திவிட்டு, கீயைக் கவனிக்க என்று இருக்கும் புரோகிராமிடம் போகும். அது அறுபதாம் நம்பர் வாசலில் வந்து நிற்கும் எண்ணை எடுத்து, எந்தக் கீ என்று பார்த்து, வரிசையில் வைக்கும். வேலை முடிந்தது என்று ஒரு சிப்புக்குச் சொல்லும். அப்படிச் சொன்ன பிறகுதான் அடுத்த கீயை அந்தச் சிப் உள்ளே விடும்.

சார் அதற்கு முன்னால் தன்னுடைய புரோகிராமை உட்கார வைத்திருந்தார். கீ முதலில் இவரிடம் வரும். இவர் அதைத் திரையில் வரைவார். தமிழ் எழுத்தென்றால் தானே வரிசையில் வைத்துவிடுவார். நம்பர் என்றால் வரைந்த பிறகு பழைய புரோகிராமைக் கூப்பிட்டு விட்டுவிடுவார். அது மறுபடி அறுபதாம் வாசலுக்குப் போய் எண்ணை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் தாளில் ஒன்பதாவது வரியில் ஒரு குறிப்பு இருந்தது.

"இது என்ன பாய்?"

"எண்ட் ஆஃப் இன்டரப்ட். என் வேலை முடிஞ்சிருச்சு, அடுத்த ஆள அனுப்புன்னு அர்த்தம்."

"திரையில வரையிறது எங்க இருக்கு?"

பாய் தாளைப் புரட்டினார். "நாலாவது தாள்லம்மா."

"அப்ப வேலை ஆரம்பிக்கவே இல்லையே. அதுக்குள்ள ஏன் முடிஞ்சிருச்சுன்னு சொல்றாரு?"

பாயும் யோசித்தார். "அவசரமா இருந்திருப்பாரு."

பிறகு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. நான் 4 அழுத்துகிறேன். புரோகிராம் 4ஐ எடுக்கிறது. எடுத்த உடனே முடிந்தது என்று சொல்லிவிடுகிறது. 4ஐ வரைந்துகொண்டிருக்கும்போதே என் வலது கை 7ஐ அழுத்துகிறது. சிப் அதை உள்ளே விட்டுவிடுகிறது. வாசலில் இப்போது 7 நிற்கிறது. 7ஐ வரைகிறது, பழைய புரோகிராம் வந்து 7ஐ எடுத்து வரிசையில் வைக்கிறது. பிறகு பாதியில் விட்ட 4க்குத் திரும்பி வந்து, பழைய புரோகிராமை மறுபடி கூப்பிடுகிறது. அது வாசலில் போய்ப் பார்க்கிறது. அங்கே நிற்பது இன்னும் 7தான். அதையே இன்னொரு தடவை எடுத்து வைக்கிறது. திரையில் 47. கோப்பில் 77.

சார் மேல் கோபம் வந்தது. செய்யாத வேலையை முடிந்தது என்று எழுதிவைத்துவிட்டு, என்னை மெதுவாக அடி என்கிறார்.

அந்தக் கோபம் அன்று சாயங்காலம் வரைதான் இருந்தது. சாயங்காலம் யாருக்கோ மனு அடித்துக்கொண்டிருந்தேன். தபசில் முடிந்து, படிக்கக் கேட்டு என்ற வரி வந்தது. விரல் நின்றுவிட்டது.

மறுபடி தஞ்சாவூர் போனேன். ஒன்பதாவது வரியைக் காட்டினேன். சார் அந்த வரியை, வரைகிற இடத்துக்கு அப்புறம் கொண்டுபோய் வைத்து, புது பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். அடித்துப் பார்த்தேன்.

"177 போயிடுச்சு பாருங்க," என்றார்.

"இப்ப 17 வருது சார்."

4ஐக் காணோம். ஏன் என்றும் தெரிந்தது. வரைந்து முடிப்பதற்குள் வாசலில் 4 போய் 7 வந்து நிற்கிறது. பழைய புரோகிராம் 4ஐப் பார்க்கவே இல்லை, அந்த 7ஐ எடுத்து வைக்கிறது; எடுத்துவிட்டதால் 7க்கென்று சிப் மறுபடி கூப்பிடுவதில்லை.

"மொதல்ல நம்பரை அதுகிட்ட ஒப்படைச்சிருங்க சார். அப்புறம் வரைங்க."

"அதுக்கு எல்லாத்தையும் மாத்தி எழுதணும். எனக்குப் பரீட்சை நேரம். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

"எனக்கு எட்டு நாள்தான் இருக்கு சார்."

"அதுவரைக்கும் மெதுவா அடிங்க."

பழைய பிளாப்பியையும் புதுப் பிளாப்பியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை.

விளக்கம் எழுதலாம். இன்டரப்ட், வாசல், சிப் என்று எழுதினால் அந்த அலுவலகத்தில் யார் படிப்பார்கள். மிஷின் மேல் பழி போடுகிறாள் என்பார்கள். மனுதாரரின் மகள் வேறு. கடையில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால் அதிகாரி வரமாட்டார்.

ஆனால் எங்கள் கேட் அவரை நிறுத்தியது.

நிலம் பார்க்க வரும் அன்று நான் கடையில்தான் இருந்தேன். பதினொரு மணிக்குக் கேட் மூடியது. கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீடாமங்கலத்தில் அது ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் நின்றன. கடை வாசலில் ஒரு ஜீப் நின்றது. அதிகாரி உள்ளே இருந்தார். பின்னால் ஏஜெண்டு புல்லட்டில் ஒரு காலை ஊன்றி நின்றார்.

பாய்தான் போனார். "ஐயா, கேட்டு தொறக்க நேரமாகும். வெயில்ல ஏன் உக்காந்திருக்கீங்க? உள்ள வந்து ஒரு டீ சாப்பிடுங்க."

அதிகாரி வந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"நீங்க அந்தச் சுடுகாட்டு மனுவோட பொண்ணுதானே?"

"ஆமா சார். இந்த மிஷின்லதான் அடிச்சேன். ஒரு நிமிஷம் பாக்குறீங்களா?"

பழைய பிளாப்பியைப் போட்டேன். அவர் எழுந்து வந்து ஒரு விரலால் 147 அடித்தார். பிரிண்ட் எடுத்தேன். 147.

"சரியாத்தானே இருக்கு."

"இப்ப நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க சார். நான் அடிக்கிறேன்."

"523."

அடித்தேன். பிரிண்ட் எடுத்தேன். 523. மூன்றும் இடது கை. வெளியே ஏஜெண்டு எட்டிப் பார்த்துச் சிரிப்பது தெரிந்தது.

"ரெண்டு கையும் மாறி வரணும் சார். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர், அப்புறம் ஆறுக்கு மேல ஒரு நம்பர்."

"48."

அடித்தேன். திரையில் 48. அவரே குனிந்து பார்த்தார். பிரிண்டர் கரகரவென்று ஓடி நின்றது. தாளைக் கிழித்து அவரிடம் கொடுத்தேன். 88.

"திரும்ப அடிங்க."

அடித்தேன். 88. இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். 48 வந்தது. நாலாவது தடவை 88.

"39 அடிங்க."

99.

அதிகாரி தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சரிம்மா. மிஷினு தப்புப் பண்ணுது. நீங்க தாளைப் படிச்சுக் காட்டினப்ப உங்கப்பா கேட்டிருக்கணுமே? நூத்தி எழுபத்தேழுன்னு காதுல விழுந்திருக்கணுமே?"

இதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அப்பா தன் வயலை அறியாதவர். சொன்னால் அவர் பொய் சொன்னவர், நான் பொய்யாக ஒரு வரியை அடித்தவள்.

"படிச்சுக் காட்டல சார்."

"படிச்சதா அவரு சொன்னாரே."

"எனக்காகச் சொன்னாரு. தப்பு என்னுது. படிக்காமலே படிக்கக் கேட்டுன்னு அடிச்சேன்."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். கடைப் பெயர் கெடும் என்று அவருக்குத் தெரியும்.

வெளியே கேட் ஏறும் சத்தம் கேட்டது. எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. ஏஜெண்டு வாசலில் வந்து நின்றார். "சார், கேட்டு தொறந்தாச்சு சார்."

"தொறக்கட்டும்," என்றார் அதிகாரி. என் பக்கம் திரும்பினார். "இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள திருத்த மனு வரணும். நான் நிலத்தைப் பாத்துட்டுத் திரும்பி வர்றேன்."

"சரி சார்."

"இன்னொண்ணு. அந்த வரி சும்மா அடிக்கிற வரி இல்ல."

"தெரியும் சார்."

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏற இன்னும் ஒரு வருடம் ஆனது. ஏறியது. புரோகிராமை சார் தை மாதம் திருத்திக் கொடுத்தார். முதலில் ஒப்படைத்து, பிறகு வரைந்து, கடைசியில் முடிந்தது என்று சொன்னது. அதற்குள் பழைய மனுக்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இன்னும் மூன்று பேருடைய நம்பர் மாறியிருந்தது. மூன்று ஊருக்கும் நானே போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன்.

அதிகாரி நிலம் பார்த்த அன்று மூன்று மணிக்கு அப்பா கடைக்கு வந்தார். காலில் வயல் சேறு காயவில்லை. அதிகாரி வரப்பில் நின்று நான்கு எல்லையையும் கேட்டாராம். அப்பா எல்லாவற்றையும் சொன்னாராம்.

திருத்த மனுவை அடிக்க உட்கார்ந்தேன். பிளாப்பி இரண்டில் எதைப் போட்டாலும் என் வேகத்துக்கு நம்ப முடியாது. வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். இடது கையில் ஒரு விரலை மட்டும் நீட்டினேன். ஒரு எழுத்தை அடித்து, விரலை எடுத்து, அடுத்ததைத் தேடி அடித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எரிச்சலில் கழுத்து வலித்தது.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, தெரியாதவ மாதிரி அடிக்கிறே?"

"இப்படி அடிச்சாத்தான் சரியா வரும்."

"பரீட்சையெல்லாம் எழுதினியே."

ஒன்று. விரலை எடுத்தேன். நாலு. விரலை எடுத்தேன். ஏழு.

தாள் வந்தது. மைப்பெட்டியை அப்பா தன் பக்கம் இழுத்தார். நான் அதை மூடினேன்.

"இருப்பா. படிக்கிறேன்."

"எனக்குத் தெரியாததா?"

"தெரிஞ்சாலும் கேளு."

ஸ்டூலில் உட்கார்ந்தார். தலைப்பிலிருந்து வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் "ம்" என்றார். கிராமத்தின் பெயருக்கு "ம்". பரப்புக்கு "ம்". கிழக்கே வாய்க்கால் என்றதற்கு "ம்". சர்வே நம்பர் நூற்று நாற்பத்தேழு என்று வாசித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியும். விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ம்," என்றார்.

கடைசி வரியையும் வாசித்தேன். பிறகு மைப்பெட்டியைத் திறந்தேன்.